பெட்ரோல் முள்ளை எழுப்பிய எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

பட்டறையில் சொன்ன நன்றியை ஊரறியவும் சொல்லவேண்டும் என்பதற்காக இந்த மடல்.

டேங்க் நிறையப் பெட்ரோல் இருந்தும் என் அம்பாசிடரின் முள் காலியிலேயே கிடந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் மீட்டரை மாற்றச் சொன்னார்கள். 2014இல் உத்தர்பாரா தொழிற்சாலையில் உற்பத்தி நின்றுபோன வண்டிக்கு அதே மீட்டரை எங்கே தேடுவது?

நீங்கள் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் கேட்டது ஒன்றுதான்: "டெம்பரேச்சர் மீட்டர் ஒழுங்கா காட்டுதாங்க?" காட்டுகிறது என்றதும், ஸ்டெபிலைசர் பக்கமே போகவேண்டாம் என்றீர்கள். அந்தக் கால வண்டிகள் பலவற்றில் இரண்டு மீட்டருக்கும் சுமார் 10 வோல்ட் கொடுப்பது அதுதான். அது கெட்டால் இரண்டு முள்ளும் சேர்ந்தே தடுமாறுமாம்.

அடுத்து, பெட்ரோல் அளவை மீட்டருக்குச் சொல்லும் டேங்க் யூனிட்டுக்குப் போகும் ஒயரைக் கழற்றி, அதோடு நீளமான இன்னொரு ஒயரைச் சேர்த்து, பெட்ரோல் ஆவி எட்டாத தூரத்தில் பாடியில் வைத்தீர்கள். முள் மெல்ல ஏறத் தொடங்கியது. ஃபுல்லைத் தொடுமுன் எடுத்துவிட்டீர்கள். மீட்டரும் ஒயரும் நன்றாக இருப்பது அந்தச் சில நொடிகளில் தெரிந்துவிட்டது. வேறு சில பழைய மீட்டர்களில் எர்த் கொடுத்தால் முள் காலிக்கு இறங்கும், வகை தெரியாமல் முடிவு கட்டக்கூடாது என்று பக்கத்தில் நின்ற தம்பிகளுக்கும் சொல்லிக்கொடுத்தீர்கள்.

மீதி இருந்தது டேங்க் யூனிட்டும் அதன் எர்த்தும்தான். பேட்டரியைக் கழற்றிவிட்டு, டேங்க் யூனிட்டின் உலோக மூடியிலிருந்து பாடிக்கு ஒயர் இழுத்தீர்கள். பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பியதும் முள் ஏறி ஃபுல்லில் நின்றது. டேங்க்குக்குப் பெயின்ட் அடித்தபோது போல்ட் உட்காரும் இடத்திலும் பெயின்ட் படிந்து எர்த்தைத் தடுத்திருக்கிறது. மறுபடி பேட்டரியைக் கழற்றி, அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, உலோகம் பளிச்சென்று தெரிந்த பிறகே போல்ட்டை முறுக்கினீர்கள்.

அண்ணா, நல்ல பாகத்தைக் கெட்டது என்று சொல்லாத நேர்மைக்கும், ஒவ்வொன்றாகச் சோதித்துக் குறையைக் கண்டுபிடித்த பொறுமைக்கும் தலைவணங்குகிறேன். அந்த வித்தையைத் தம்பிகளுக்கு ஒளிக்காமல் கற்றுத்தருகிறீர்களே, அதற்குத் தனி நன்றி. பழைய வண்டிகள் இன்னும் பல ஆண்டு ஓடுவது அவர்கள் கையில்தான் இருக்கிறது.

பழைய வண்டி வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை: மீட்டரை மாற்றுமுன் எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.


உங்கள் அம்பாசிடர்க்காரர்