சிரிப்பைக் காணோம்! – பழைய காமெடிப் படங்களும் டிஸ்க்குகளும்

பழைய தமிழ் காமெடிப் படம் ஒண்ணைப் பார்த்துட்டு, "இதுல சிரிக்க என்ன இருக்கு?"ன்னு வீட்டுல ஒரு சின்னப் பையன் கேட்டா கோவப்படாதீங்க மக்களே. பாதி சமயம் அது நியாயமான கேள்விதான். சிரிப்பு படத்துல இருக்கு. ஆனா அவன் கண்ணுக்கும் காதுக்கும் வந்து சேரல. நடுவுல எங்கேயோ கழண்டு விழுந்துடுச்சு. எங்கே விழுந்துச்சுன்னு தேடிப் பார்க்கறதுதான் இந்தப் பதிவு.

எங்க உத்திரமேரூர் பக்கம் ஒரு காலத்துல படம் பார்க்கணும்னா டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்துட்டு வந்து, விடிய விடிய மூணு படம் ஓட்டுவாங்க. அதுக்கப்புறம் விசிடி. 2007 வாக்குல மோசர் பேர் கம்பெனி 28 ரூபாய்க்கு விசிடி, 34 ரூபாய்க்கு டிவிடின்னு இறக்குச்சு பாருங்க, அப்ப பிடிச்ச பைத்தியம் எனக்கு. ஒரிஜினல் டிஸ்க்கை அந்த விலைக்கு வாங்க முடியும்னு அதுவரைக்கும் நாங்க நினைச்சதே இல்ல. (அந்தக் கம்பெனி 2018ல திவால் நடவடிக்கையில மூடுவிழா கண்டது தனிக்கதை.) காஞ்சிபுரம் போனா ரெண்டு, மெட்ராஸ் போனா நாலுன்னு பல கம்பெனி டிஸ்க்கையும் வாங்கிச் சேர்த்தேன். சபாபதி (1941), கல்யாண பரிசு (1959), அடுத்த வீட்டுப் பெண் (1960), பலே பாண்டியா (1962), காதலிக்க நேரமில்லை (1964), காசேதான் கடவுளடா (1972), தில்லு முல்லு (1981)... இன்னும் ஒரு அட்டைப்பெட்டி நிறைய இருக்கு.

சரி, மேட்டருக்கு வருவோம்.

காதலிக்க நேரமில்லைல நாகேஷ், பாலையாவுக்குக் கதை சொல்ற சீன் தெரியாதவங்க இருக்க முடியாது. ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் செல்லப்பா, வாயாலயே சத்தமெல்லாம் குடுத்து ஒரு திகில் கதை சொல்வார். இந்த சீனைப் பத்திப் பேசறவங்க எல்லாம் நாகேஷைத்தான் சொல்வாங்க. ஆனா நல்லா கவனிச்சா, அங்க நாகேஷ் விதைக்கிறவர்தான். அறுவடை நடக்கறது பாலையாவோட முகத்துல. முதல்ல வேண்டாவெறுப்பா உக்காந்திருக்கற மனுஷன், கொஞ்சம் கொஞ்சமா மாட்டிக்கறார். கண்ணு விரியுது, வாய் கோணுது, உடம்பு ஒடுங்குது. அந்த முகம் இல்லேன்னா நாகேஷ் பண்றது வெறும் மிமிக்ரி.

நான் முதல்ல வாங்கின விசிடில அந்த முகம் இல்ல. சத்தியமா இல்ல. ஒரு இளஞ்சிவப்புப் பூசணிக்காய் இருந்துச்சு, அவ்வளவுதான். எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன் :-)

ஒரு ஞாயித்துக்கிழமை அதைப் போட்டுட்டு அப்பா, நான், அண்ணன் பையன் மூணு பேரும் உக்காந்திருந்தோம். பையனுக்கு அப்ப பத்து வயசு இருக்கும். அப்பா விழுந்து விழுந்து சிரிக்கறார். பையன் தாத்தா மூஞ்சியப் பார்க்கறான், டிவியப் பார்க்கறான், மறுபடி தாத்தா மூஞ்சியப் பார்க்கறான். கடைசியில, "சித்தப்பா, யார் பேசறாங்கன்னே தெரியல, தாத்தா எதுக்கு சிரிக்கறாரு?"ன்னு கேட்டான்.

அப்பதான் ஒண்ணு கவனிச்சேன். அப்பா வசனம் வர்றதுக்கு முன்னாடியே சிரிச்சுக்கிட்டிருந்தார். அவர் பார்த்தது டிஸ்க்ல இருந்த படமே இல்ல. சின்ன வயசுல பார்த்து ஞாபகத்துல வெச்சிருந்த படம். டிஸ்க்ல தெரியாத கண்ணை அவர் ஞாபகம் வரைஞ்சு குடுத்துச்சு, கேக்காத வசனத்தை ஞாபகம் பேசிக் காட்டுச்சு. பையனுக்கு அந்த வசதி இல்லையே. அவனுக்குக் கிடைச்சது டிஸ்க் மட்டும்தான்.

மோசமான பிரதி ஏற்கனவே படம் பார்த்தவனுக்குப் போதும். புதுசா பார்க்கறவனுக்குத்தான் நல்ல பிரதி வேணும். ஆனா நம்ம ஊர்ல வெளியிட்டவங்க கணக்கு தலைகீழ். "பழைய படம் யார் பார்ப்பா? பெருசுங்கதானே, இது போதும்." அந்தப் பெருசுங்க போனதுக்கப்புறம்? அப்பா போய் சில வருஷம் ஆச்சு. அவர்கிட்ட இருந்த முழுப் பிரதியும் கூடவே போயிடுச்சு.

இனி கொஞ்சம் கணக்கு பார்ப்போம். சிரிப்பு எங்கெங்க கழண்டு விழுதுன்னு வரிசையா:

1. புள்ளிக் கணக்கு: விசிடில படம் 352க்கு 288 புள்ளி. மொத்தமா ஒரு லட்சம் சொச்சம். டிவிடில 720க்கு 576, நாலு லட்சத்துக்கு மேல. ரெண்டு பேர் சேர்ந்து நிக்கற ஷாட்டுல, விசிடில பாலையாவோட ஒரு கண்ணுக்கு நாலஞ்சு புள்ளி வந்தாலே அதிகம். நாலஞ்சு புள்ளியை வெச்சு யார் முழிக்க முடியும்? சண்டைப் படத்துல கத்தி மங்கலா தெரிஞ்சாலும் கத்திதான். காமெடில கண்ணு மங்கினா ஜோக்கே காலி.

2. மூணு படம் ஒரே டிஸ்க்: "3 இன் 1" டிவிடி வாங்கி ஏமாறாதவங்க கை தூக்குங்க. ஒரு சாதாரண டிவிடியோட கொள்ளளவு 4.7 ஜிபி. அதுல ரெண்டரை மணி நேரப் படம் மூணைத் திணிச்சா, ஒரு விநாடிக்குக் கிடைக்கறது 1.4 மெகாபிட் கூட இல்ல. விசிடியோட கணக்கும் கிட்டத்தட்ட அதேதான். அதாவது அட்டையில டிவிடி, உள்ள விசிடி!

3. இழுத்து நீட்டறது: அந்தக் காலப் படங்கள்ல பெரும்பாலானது சதுரத்துக்குப் பக்கமான 4:3 அளவு. நம்ம வீட்டு டிவி 16:9. ஓரத்துல கறுப்பு வந்தா ஜனங்க திட்டுவாங்கன்னு மூணுல ஒரு பங்கு அகலமா இழுத்து விட்டுடறாங்க. நாகேஷோட காமெடில பாதி அவரோட ஒல்லி உடம்பு. அவரையே குண்டாக்கிட்டா அப்புறம் என்ன மிச்சம்? இன்னும் சில பேர் இழுக்காம மேலயும் கீழயும் வெட்டிடறாங்க. அதுல உயரத்துல கால்வாசி போச்சு. காலால காமெடி பண்ற மனுஷனுக்குக் காலே இல்ல.

4. ரீல் முனை: ஆயிரம் அடி ரீல் சுமார் பதினோரு நிமிஷம் ஓடும். தியேட்டர் தியேட்டரா சுத்தின பிரிண்ட்ல அதிகமா அடிபடறது ரீலோட ஆரம்பமும் முடிவும்தான். அறுந்தா வெட்டி ஒட்டுவாங்க, ஒவ்வொரு ஒட்டுக்கும் சில ஃபிரேம் போகும். அப்படிப்பட்ட பிரிண்ட்ல இருந்து டேப், டேப்ல இருந்து டிஸ்க். ஒரு கேள்விக்கும் பதிலுக்கும் நடுவுல தங்கவேலு விடற இடைவெளி இருக்கே, அந்த ஒரு விநாடிதான் ஜோக். கல்யாண பரிசுல மன்னார் அண்ட் கம்பெனி மேனேஜரா அவர் விடற பொய் எல்லாம் அந்த இடைவெளியிலதான் நிக்குது. அது போனா வெறும் கேள்வி பதில்.

5. வேகம்: சினிமா விநாடிக்கு 24 ஃபிரேம். பால் முறை டிவி 25. இதைச் சரிக்கட்ட சுலபமான வழி, படத்தை நாலு சதவீதம் வேகமா ஓட்டறது. 160 நிமிஷப் படம் 154க்குள்ள முடிஞ்சுடும், குரலும் அரை சுருதிக்குக் கொஞ்சம் மேல ஏறிடும். எங்கேயோ வெட்டிட்டாங்கன்னு நாம தேடுவோம். வெட்டல, ஓட விட்டுட்டாங்க!

6. சத்தம்: பழைய பிரிண்ட்ல 'உஸ்ஸ்ஸ்'னு ஒரு இரைச்சல் இருக்கும். அதைக் குறைக்கறேன்னு மேல் ஸ்தாயியை மொத்தமா மழிச்சா, ச, ஸ எல்லாம் மழுங்கிடும். எம்.ஆர்.ராதா ஒரே வாக்கியத்துல கரகரப்புல இருந்து கீச்சுக்குரலுக்குத் தாவுவாரே, அந்தத் தாவல் தட்டையாயிடும். பலே பாண்டியாவை அப்படிக் கேட்டா யாரோ ஒருத்தர் தலையணைக்குள்ள பேசற மாதிரி இருக்கு.

7. நிறம்: காதலிக்க நேரமில்லை ஈஸ்ட்மென் கலர் படம், கேமரா ஏ.வின்சென்ட். அந்தக் காலத்து ஈஸ்ட்மென் பிரிண்டுகள்ல நீலமும் மஞ்சளும் முதல்ல வெளுக்கும், சிவப்பு தங்கும். நான் சொன்ன இளஞ்சிவப்புப் பூசணிக்காய் அப்படித்தான் காய்ச்சுது.

இது எல்லாத்துக்கும் மேல ஒண்ணு. நான் வாங்கின டிஸ்க்ல பெரும்பாலானதுல மெனுவைத் திறந்தா பாட்டு மட்டும் தனித்தனியா வரிசையா இருக்கும். காமெடி சீனுக்கு ஒரு பட்டன் கிடையாது. காமெடிப் படத்துல!

யாரைக் குத்தம் சொல்றது? நம்ம சினிமால நெகட்டிவ் உரிமை, டிவி உரிமை, வீடியோ உரிமைன்னு தனித்தனியா கைமாறும். தயாரிச்சவர் கடன்ல நெகட்டிவை வித்திருப்பார். வாங்கினவர் லேப் வாடகை கட்டாம விட்டிருப்பார். வீடியோ உரிமை வாங்கினவருக்குக் கையில கிடைச்சது ஒரு டேப். 34 ரூபாய்க்கு விக்கற டிஸ்க்குக்காக எந்த வியாபாரி நெகட்டிவைத் தேடி அலைவான்? புனேல தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் ஆரம்பிச்சது 1964 பிப்ரவரி. காதலிக்க நேரமில்லை ரிலீஸ் ஆனதும் அதே 1964 பிப்ரவரி. இந்த நாட்டுல படத்தைப் பாதுகாக்கணும்னு அரசாங்கத்துக்குத் தோணினதே அப்பதான்.

வெளிநாட்டுல மட்டும் எல்லாம் ஒழுங்குன்னு நினைக்காதீங்க. லாரல் ஹார்டி படங்கள் பிரிட்டன்ல 2004லயே 21 டிஸ்க் பெட்டியா வந்துடுச்சு. படம் எடுத்த அமெரிக்காவுல அதுக்கு ஈடா ஒரு பெரிய தொகுப்பு வர 2011 ஆச்சு. இன்னொரு கதை கேளுங்க. 1927ல அவங்க நடிச்ச 'தி பேட்டில் ஆஃப் தி செஞ்சுரி'ல ஒரு தெருவே பை பலகாரத்தை ஒருத்தர் மூஞ்சில ஒருத்தர் எறிஞ்சு சண்டை போடும். அந்த ரீல் முழுசா ரொம்ப காலம் கிடைக்கல. 1957ல ராபர்ட் யங்சன்னு ஒருத்தர் பழைய காமெடிகளைத் தொகுத்து எடுத்த படத்துல வெட்டிச் சேர்த்த துண்டு மட்டும்தான் மிஞ்சிச்சு. உலகமே அறுபது வருஷத்துக்குப் பக்கமா அந்தத் துண்டைப் பார்த்துத்தான் சிரிச்சுது. முழு ரீல் ஒரு சேகரிப்பாளர்கிட்ட கிடைச்சது 2015ல. அதுல பார்த்தா சண்டை மெதுவா, ஒரு பை, அப்புறம் ஒரு பைன்னு கட்டிக் கட்டி ஏறுது.

இதை ஏன் சொல்றேன்னா, நாமளும் இப்ப துண்டுலதான் இருக்கோம். டிஸ்க் கடை எல்லாம் மொபைல் கடை ஆயிடுச்சு. படங்கள் யூட்யூப்புக்குப் போயிடுச்சு. நல்லதுதான், காசில்லாம கிடைக்குது. ஆனா நிறைய படத்துல ஏறினது அதே பழைய டேப். மூலையில கம்பெனி முத்திரை, பாலையா வாயைத் திறக்கறதுக்குள்ள விளம்பரம். முழுப் படத்தைப் பார்க்க ஆளில்லாம பத்து நிமிஷ 'காமெடி க்ளிப்'பா பிரிஞ்சு கிடக்கு. டிஸ்க்கோட தலைவலி டிஸ்க்கோட ஒழியும்னு நினைச்சேன். டிஸ்க்தான் ஒழிஞ்சுது.

முடியாத காரியம்னும் சொல்ல முடியாது. 2012ல கர்ணனை டிஜிட்டல்ல சரிபண்ணி தியேட்டர்ல விட்டாங்க, கூட்டம் அள்ளுச்சு. அப்புறம் வரிசையா சிவாஜி, எம்ஜிஆர் படங்கள் வந்துச்சு. ராஜா வேஷம் போட்டவங்களுக்குக் கிடைச்ச கவனிப்பு, மேனேஜர் வேஷம் போட்ட தங்கவேலுவுக்கும் கிடைக்கணும்ல? போர்க்களத்தை விட முகம்தான் நுணுக்கமா ஸ்கேன் பண்ண வேண்டிய விஷயம்.

எங்க ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவத்துல பராந்தகச் சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கு. ஆயிரத்து நூறு வருஷம் ஆச்சு, தெரிஞ்சவங்க இன்னைக்கும் எழுத்துக்கூட்டிப் படிக்கறாங்க. 1964ல எடுத்த படத்துல ஒரு மனுஷனோட கண்ணு தெரியல. கல்லை நம்பினவன் புத்திசாலி.

அண்ணன் பையன் விஷயத்தைச் சொல்லிடறேன். கொஞ்ச மாசம் கழிச்சு வேற ஒரு டிவிடி கிடைச்சுது. பிரமாதம்னு சொல்ல முடியாது. ஆனா பாலையாவுக்குக் கண்ணு இருந்துச்சு. டிவியை 4:3ல வெச்சு, அதே சீனைப் போட்டேன். ஒண்ணும் விளக்கல. நாகேஷ் கதவு திறக்கற சத்தம் குடுத்தப்ப பையன் பாலையாவைப் பார்த்தான். அப்புறம் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு கட்டில்ல உருண்டான்.

உங்க வீட்டுலயும் ஒரு பையனோ பொண்ணோ இருந்தா, க்ளிப்பைக் காட்டாதீங்க. கிடைக்கறதுலயே தெளிவான முழுப் படத்தைத் தேடிப் பிடிச்சு, டிவி ரிமோட்ல அளவைச் சரிபண்ணி, பக்கத்துல உக்காந்து போட்டுக் காட்டுங்க.

டிஸ்கி: அட்டைப்பெட்டியை எடைக்குப் போடச் சொல்லி வீட்டுல தினமும் ஒரு தடவை சொல்லியாகுது. நல்ல பிரதி வர்ற வரைக்கும் பூசணிக்காய் பாலையாவும் இருந்துட்டுப் போகட்டும்னு சொல்லியிருக்கேன் :-)