கேட்காத வானொலியின் அட்டை

பெரியப்பாவின் தகரப்பெட்டியில் இருநூறு அட்டைகளுக்கு மேல் இருக்கின்றன. அதில் ஒன்று பொய். அதை வாங்கியது நான்.

கொல்லிமலையில் செம்மேட்டில் எங்கள் வீடு. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வரவேண்டும். "பஸ்ஸுக்குத்தான் வளைவு, காத்துக்கு ஏது?" என்பார் பெரியப்பா. இருட்டியதும் சில்வர் ஓக் மரத்தில் கட்டிய செம்புக்கம்பியை ரேடியோவில் மாட்டுவார். சிற்றலை மேலே அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, கடல்களைத் தாண்டி எங்கள் திண்ணைக்கு வரும்.

கேட்டதும் நோட்டில் எழுதுவார்: தேதி, யு.டி.சி. நேரம், அலைவரிசை, என்ன பேசினார்கள், என்ன பாட்டு. கூடவே சின்போ எண். ஒலியின் வலு, குறுக்கீடு, இரைச்சல், அலை ஏறி இறங்குவது, மொத்தத் தரம் என ஐந்துக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். அதைத் தபாலில் அனுப்பினால் நிலையத்தார் சரிபார்த்து, 'நீங்கள் கேட்டது எங்களைத்தான்' என்று ஓர் அட்டை அனுப்புவார்கள். அதுதான் கியூ.எஸ்.எல். ஜப்பானின் என்.எச்.கே., பெய்ஜிங், மணிலாவின் வெரித்தாஸ், ரேடியோ ஆஸ்திரேலியா எல்லாம் அப்படி வந்தவை.

எனக்குப் பன்னிரண்டு வயது. பொறுமை இல்லை. ஐரோப்பிய நிலையம் ஒன்றின் நிகழ்ச்சி அட்டவணையைப் பார்த்து, 'செய்தி, பிறகு இசை, 44434' என்று எழுதிப் போட்டுவிட்டேன். இரண்டு மாதத்தில் பனிமலைப் படத்தோடு அட்டை வந்தது.

பெரியப்பா தேதியைப் பார்த்தார். நோட்டைப் புரட்டினார்.

"அன்னைக்கு ராத்திரி இடி மின்னல் கண்ணு. கம்பியக் கழட்டி வெச்சிருந்தேன். நீ எப்படிக் கேட்ட?"

நான் பேசவில்லை. அவர் திட்டவும் இல்லை. "அவங்க நம்பிட்டாங்க. இனி நீ கேட்டுத்தான் ஆவணும்" என்று அட்டையைப் பெட்டியில் குப்புற வைத்தார்.

அந்தக் குளிர்காலம் முழுக்கத் தேடினேன். இரைச்சல்தான் வந்தது. பிறகு படிப்பு, வேலை என்று இறங்கிவிட்டேன். 2017 ஜனவரியில் ரேடியோ ஆஸ்திரேலியா சிற்றலையை நிறுத்தியது. ஏப்ரலில் பிபிசி தமிழோசையும். நான் ஏமாற்றிய நிலையம் அதற்கு முன்பே போய்விட்டது. பெரியப்பாவும் இப்போது இல்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பெட்டியைத் திறந்தேன். அட்டை அப்படியே குப்புறக் கிடந்தது. திருப்பி வைக்கவில்லை. கம்பியை மட்டும் மறுபடி மரத்தில் கட்டிவிட்டு வந்தேன்.