மிச்ச இடத்தில் வரைந்தவர்கள்

படக்கதை வரைகிறவனுக்கு முதலில் வேண்டியது இடம். ஆள் நடந்து வர இடம், கை நீட்ட இடம், பின்னால் கொஞ்சம் வானம். கதாசிரியர் வசனத்தை நீட்டிவிட்டால் எங்களுக்குக் கட்டத்தில் மூச்சு முட்டும். ஆனால் 1950 முதல் 1955 வரை நியூயார்க்கில் இ.சி. காமிக்ஸுக்கு வரைந்தவர்களின் கைக்கு வந்த அட்டையில் எழுத்து வேலை முழுவதும் ஏற்கெனவே முடிந்திருக்கும். சில கட்டங்களில் பாதி உயரம் வரைக்கும் எழுத்து இறங்கியிருக்கும். மிச்சம் இருக்கிற இடத்தில்தான் அவர்கள் வரைய வேண்டும். 'டேல்ஸ் ஃப்ரம் த கிரிப்ட்', 'த வால்ட் ஆஃப் ஹாரர்', 'த ஹாண்ட் ஆஃப் ஃபியர்' என்ற மூன்று திகில் இதழ்களையும் இத்தனை காலமாகத் திரும்பத் திரும்பப் பார்த்து வருகிறேன். அவற்றின் அழகு அந்த மிச்ச இடத்தில் பிறந்ததுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

அந்த வேலைமுறை எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நிறுவனத்தைத் தொடங்கிய மேக்ஸ் கெய்ன்ஸ் 1947-இல் படகு விபத்தில் இறந்துபோனார். வேதியியல் ஆசிரியராகப் போக நினைத்திருந்த மகன் வில்லியம் கெய்ன்ஸ் தலையில் தொழில் வந்து விழுந்தது. 1948-இல் ஆல் ஃபெல்ட்ஸ்டீன் வந்து சேர்ந்தார். இருவரும் சிறு வயதில் வானொலித் திகில் நாடகங்களைக் கேட்டு வளர்ந்தவர்கள். 1950-இல் குற்றக் கதை, கௌபாய் கதை என்று வந்துகொண்டிருந்த இதழ்களைத் திகில் இதழ்களாக மாற்றினார்கள். கெய்ன்ஸ் இரவெல்லாம் கதைகளைப் படித்துக் கரு தேடிக்கொண்டு வருவார். இருவரும் பேசி ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். ஃபெல்ட்ஸ்டீன் தனியாக ஸ்கிரிப்ட் என்று எழுதாமல், ஓவிய அட்டையிலேயே கட்டம் பிரித்து, வசனத்தையும் வர்ணனையையும் நேரடியாகப் பென்சிலில் எழுதிவிடுவார். ஏறத்தாழ நாளுக்கு ஒரு கதை. அட்டை லெட்டரிங்குக்குப் போய் மையேறி வந்த பிறகுதான் ஓவியர் அதைக் கண்ணால் பார்ப்பார்.

அந்த லெட்டரிங்கும் கையெழுத்து அல்ல. பொறியியல் வரைபடங்களில் எழுதப் பயன்படும் லீராய் என்ற அச்சுச் சட்டத்தை வைத்து எழுதியது. ஒவ்வொரு எழுத்தும் ஒரே அளவு, ஒரே கனம். பல ஓவியர்களுக்கு இது பிடிக்காது. எனக்கும் தொடக்கத்தில் பிடிக்கவில்லை. பிறகுதான் அதன் வேலை புரிந்தது. பிணம் எழுந்து வருவதை, பிரேதப் பரிசோதனை அறிக்கை போன்ற சலனமில்லாத எழுத்து சொல்லிக்கொண்டே போகிறது. அதற்குக் கீழே கோடுகள் நடுங்குகின்றன. இரண்டும் சேர்ந்து படிப்பவனை நிலைகொள்ளாமல் செய்கின்றன.

எழுத்து அதிகம் என்று குறை சொல்பவர்கள் உண்டு. குறை உண்மைதான், படத்தில் தெரிவதையே சில இடங்களில் வார்த்தையிலும் சொல்லியிருப்பார்கள். ஆனால் அது வானொலியிலிருந்து வந்த குரல். கிரிப்ட் கீப்பர், வால்ட் கீப்பர், ஓல்ட் விட்ச் என்று மூன்று பேர் கதைக்குள் நம்மை வரவேற்று அழைத்துப் போவதும் வானொலி வழக்கம்தான். ஃபெல்ட்ஸ்டீன் அடிக்கடி படிக்கிறவனையே 'நீ' என்று கூப்பிடுவார். கிரிப்ட் 23-ஆம் இதழில் அவரே வரைந்த 'ரிஃப்ளெக்‌ஷன் ஆஃப் டெத்' கதையில், கார் விபத்திலிருந்து எழுந்து நடக்கிறவனின் கண் வழியாகவே நாம் பார்க்கிறோம். எதிரே வருகிறவர்கள் எல்லாரும் நம்மைப் பார்த்து அலறுகிறார்கள். நம் முகம் எப்படி ஆகிப்போயிருக்கிறது என்று கண்ணாடி வரும் வரைக்கும் தெரியாது. வர்ணனை காதருகே பேசுகிறது, படம் அடுத்தவர்களின் பயத்தை மட்டும் காட்டுகிறது. ஃபெல்ட்ஸ்டீனின் கோடு விறைப்பானது, மனிதர்கள் மரத்தில் செதுக்கினதுபோல் நிற்பார்கள். இந்தக் கதையில் அந்த விறைப்புக்கூட நன்மையாகவே முடிந்திருக்கிறது.

ஜானி கிரெய்க் வேறு வகை. அவர் கதையையும் தானே எழுதினார், மெதுவாக வரைந்தார். வீட்டுக்கூடம், மேசை விளக்கு, நன்றாக இஸ்திரி போட்ட சட்டை, அழகான மனைவி. விளம்பரப் படம்போல் எல்லாம் சுத்தமாக இருக்கும். வால்ட் ஆஃப் ஹாரர் 35-ஆம் இதழில் அவர் வரைந்த '...அண்ட் ஆல் த்ரூ த ஹவுஸ்...' கதையைப் படக்கதை வரைய வருகிற ஒவ்வொருவருக்கும் பாடமாக வைப்பேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு. மனைவி கணவனைக் கொன்றுவிடுகிறாள். அதே நேரத்தில், மனநோய் மருத்துவமனையிலிருந்து தப்பிய கொலைகாரன் ஒருவன் சாண்டா கிளாஸ் உடையில் அந்த வட்டாரத்தில் திரிகிறான். அவன் வீட்டுக்கு வெளியே வந்து நிற்கிறான். அவளால் போலீஸைக் கூப்பிட முடியாது. உள்ளே பிணம் கிடக்கிறதே! மாடியில் சின்ன மகள். அந்தக் குழந்தைக்கு சாண்டா வந்தால் சந்தோஷம்தானே, கதவைத் திறந்துவிடுகிறது.

இந்தக் கதையின் பொறி முழுக்க அவளே கட்டியது. கிரெய்க் அதை வரைவதற்கு ரத்தத்தை நம்பவில்லை. ஜன்னல்களையும் கதவுகளையும் நம்புகிறார். எந்த ஜன்னல் பூட்டியிருக்கிறது, எது பூட்டவில்லை என்ற கணக்கு நம் மனத்திலும் ஓடத் தொடங்குகிறது. கடைசிக் கட்டத்தில் கதை நின்றுவிடுகிறது. அதற்கு மேல் என்ன நடந்தது என்று காட்டத் தேவையே இல்லை. 1972-இல் ஃப்ரெடி ஃப்ரான்சிஸ் இயக்கிய படத்தில் ஜோன் காலின்ஸ் இதே பாத்திரத்தில் நடித்தார். வெள்ளைக் கம்பளத்தில் சிவப்பு ரத்தம் அதில் நன்றாக வந்திருக்கும். 1989-இல் ராபர்ட் ஸெமெக்கிஸ் எச்.பி.ஓ. தொடருக்காக மறுபடியும் எடுத்தார். இரண்டும் நல்ல படங்கள்தான். ஆனாலும் கிரெய்க்கின் சில பக்கங்களில் இருக்கிற இறுக்கம் இரண்டிலும் இல்லை. திரையில் ஓட்டமும் அலறலும் வந்துவிடுகின்றன. காகிதத்தில் அந்த வீடு கடைசி வரைக்கும் சுத்தமாகவே இருக்கிறது.

ஜாக் டேவிஸ் ஆட்களுக்குப் பெரிய கால், பெரிய பூட்ஸ், தொங்கும் மூட்டுகள். வேகமாக வரைவார், அந்த வேகம் கோட்டில் தெரியும். ஹாண்ட் ஆஃப் ஃபியர் 19-ஆம் இதழில் அவர் வரைந்த 'ஃபவுல் ப்ளே' கதைதான் இந்த இதழ்களுக்குப் பெயரையும் கெட்ட பெயரையும் தேடித்தந்தது. எதிரணி வீரனை விஷம் வைத்துக் கொன்ற ஒரு பேஸ்பால் ஆட்டக்காரனை நள்ளிரவில் மைதானத்துக்கு வரவழைத்து, அவன் குடலால் கோடு போட்டு, காலை மட்டையாக்கி, தலையைப் பந்தாக்கி விளையாடுகிறார்கள். எல்லாரும் பேசுவது இந்தக் கதையைப் பற்றித்தான். எனக்கு இது டேவிஸின் சிறந்த வேலையாகத் தோன்றியதே இல்லை. மைதானத்தில் எல்லாவற்றையும் ஒரே விளக்கில் காட்டியாகிவிட்டது. கண்ணுக்குத் தேட ஒன்றும் மிச்சமில்லை.

கிரஹாம் இங்கெல்ஸைப் பற்றி எழுதத்தான் இந்தக் கட்டுரையையே தொடங்கினேன்.

அவர் தன் படங்களில் 'காஸ்ட்லி' என்று கையெழுத்திட்டார். கோரமானது என்று பொருள். ஓல்ட் விட்ச் அவருடைய பாத்திரம். உடல் கூறு தெரியாதவர் அல்ல, தெரிந்து அதைச் சிதைத்தவர். அவருடைய மனிதர்கள் நேராக நிற்க மாட்டார்கள். மேலிருந்து எழுத்துப் பெட்டி அழுத்துவதால் குனிந்து, தோளைச் சுருக்கி, கழுத்தை முன்னால் நீட்டி, கட்டத்தின் கீழ்ப்பாதிக்குள் அடைந்து கிடப்பார்கள். இது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. மற்றவர்கள் இடமில்லை என்று ஆளைச் சின்னதாக்குவார்கள். இங்கெல்ஸ் ஆளை மடக்கினார். பெட்டியின் கனமே பாத்திரத்தின் முதுகில் ஏறிவிட்டது.

அவர் வரைந்த ஒரு வாயை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே எச்சில் இழை இரண்டு மூன்று தொங்கும். ஒவ்வொன்றும் நடுவில் மெலிந்து, இரு முனையிலும் தடித்திருக்கும். பிரஷ் பிடித்தவர்களுக்கு அந்தக் கோட்டின் கஷ்டம் தெரியும்: அழுத்தி வைத்து, இழுக்கும்போதே விட்டுவிட்டு, முடிவில் மறுபடி அழுத்த வேண்டும். கை ஒரு நொடி தயங்கினால் அது எச்சிலாக இருக்காது, கம்பியாகிவிடும். தலைமுடியும் அப்படித்தான். கொத்துக் கொத்தாகக் கறுப்பைப் போட்டுவிட்டு, ஓரத்தில் உலர்ந்த பிரஷ்ஷால் சிலுப்பி விட்டிருப்பார். ஈரமும் உலர்வும் ஒரே தலையில். கிழிந்த துணி, அழுகிய தோல், சதுப்பு நிலத்துப் பாசி எல்லாமே அவர் கையில் ஒரே பொருளாலானவைபோல் ஒன்றுக்குள் ஒன்று வழிந்துபோகும். இந்த வித்தையைக் கற்றுக்கொள்ள நான் பாழாக்கிய காகிதத்துக்குக் கணக்கில்லை, இன்னமும் அவர் இழை என் கைக்கு வரவில்லை.

ஹாண்ட் ஆஃப் ஃபியர் 12-ஆம் இதழில் வந்த 'பொயடிக் ஜஸ்டிஸ்' கதையில், குழந்தைகளுக்குப் பிரியமான ஏழைக் கிழவர் ஒருவரை வசதியான அப்பாவும் மகனும் ஊரைவிட்டுத் துரத்தப் பார்க்கிறார்கள். காதலர் தினத்தன்று ஊரார் அனுப்பியதாக வசைப்பாட்டு எழுதிய வாழ்த்து அட்டைகளை அவருக்கு அனுப்புகிறார்கள். மனம் உடைந்து அவர் தூக்கு மாட்டிக்கொள்கிறார். ஒரு வருஷம் கழித்துக் கல்லறையிலிருந்து எழுந்து வருகிறார். முன்னே சொன்ன 1972 திரைப்படத்தில் இந்தக் கிழவராக பீட்டர் குஷிங் நடித்தார். அவர் நடித்தவற்றில் மனத்தைப் பிசைகிற பாத்திரம் இதுதான். இங்கெல்ஸின் பக்கங்களில் கவனிக்க வேண்டியது அந்தப் பணக்காரர்களின் முகம். பிணம் எழுவதற்கு முன்பே உயிரோடு இருப்பவர்கள் அழுகத் தொடங்கிவிடுகிறார்கள். உதடு கோணுகிறது, கண்ணுக்குக் கீழே பை விழுகிறது, கன்னத்தில் நிழல் அரிக்கிறது. கிழவரின் முகத்தில் மட்டும் கோடு மெதுவாகப் போகிறது. யார்மேல் இரக்கம் கொள்ள வேண்டும் என்பதை அவர் மையின் கனத்திலேயே சொல்லிவிட்டார்.

வண்ணம் போட்டவர் மேரி செவரின். அன்றைய மலிவு அச்சில் சாயல்கள் காட்ட வழியில்லை. அவர் கட்டம் முழுவதையும் ஒரே நீலத்திலோ சிவப்பிலோ மூழ்கடித்துவிடுவார். கோரம் கொஞ்சம் அடங்கும், கலவரம் கூடும்.

பெர்னார்ட் கிரிக்ஸ்டீன் கடைசிக் காலத்தில் வந்தவர். 'மாஸ்டர் ரேஸ்' திகில் இதழில் வந்ததல்ல. 1955-இல் 'இம்பாக்ட்' முதல் இதழில் வந்தது. ஆனாலும் அதை விட்டுவிட்டு இந்த நிறுவனத்தைப் பற்றிப் பேச முடியாது. நியூயார்க் சுரங்க ரயிலில் போகிற ஒருவன் பெல்சன் வதைமுகாமில் என்னவாக இருந்தான் என்ற கதை. ஆறு பக்கத்துக்கு எழுதி லெட்டரிங் முடிந்து வந்த அட்டையை கிரிக்ஸ்டீன் வாங்கிப்போய், கூடுதல் பக்கம் கேட்டு வாதாடி, எழுத்துப் பெட்டிகளை வெட்டி எடுத்து எட்டுப் பக்கமாகப் பரப்பி ஒட்டினார். மற்றவர்கள் மிச்ச இடத்துக்குள் புகுந்து வேலை செய்தார்கள். இவர் ஒருவர்தான் கத்தரிக்கோல் எடுத்தவர். கடைசிப் பக்கத்தில் ரயில் விரைகிறது. ஒட்டிய மெல்லிய கட்டங்களில் காலம் துண்டு துண்டாகிறது. ஜன்னல்களில் பயணிகளின் முகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருகுகின்றன. அதன் பிறகு படக்கதையில் நேரத்தைக் காட்டுவது பற்றி யோசிக்கிற யாரும் இந்தப் பக்கத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். படக்கதை ஓவியர் ஆர்ட் ஸ்பீகல்மன் இதைப் பற்றி மட்டுமே நீண்ட ஆய்வுக் கட்டுரை எழுதுவதில் பங்கெடுத்தார்.

அதற்குள் கடையை மூடும் நேரம் வந்திருந்தது. 1954-இல் மனநல மருத்துவர் ஃப்ரெட்ரிக் வெர்தமின் புத்தகம் வந்தது. பிள்ளைகள் கெட்டுப்போவதற்குக் காமிக்ஸ் காரணம் என்றது. ஏப்ரல் 21-ஆம் தேதி அமெரிக்க செனட் துணைக்குழுவின் முன் கெய்ன்ஸ் தாமாகவே வந்து சாட்சி சொன்னார். செனட்டர் கெஃபாவர், கிரெய்க் வரைந்த ஓர் அட்டைப்படத்தைக் காட்டினார்: ஒரு கையில் ரத்தக் கோடரி, மறு கையில் முடியைப் பிடித்துத் தூக்கிய பெண்ணின் தலை. இது நல்ல ரசனையா என்று கேட்டார். திகில் இதழின் அட்டைக்கு இது நல்ல ரசனைதான், தலையை இன்னும் உயர்த்திக் கழுத்திலிருந்து ரத்தம் சொட்டுவதைக் காட்டியிருந்தால்தான் கெட்ட ரசனை என்ற பொருளில் கெய்ன்ஸ் பதில் சொன்னார். அந்தப் பதில் அவரைக் கவிழ்த்துவிட்டது. அரசியல் மேடையில் அது தவறான பதிலாக இருக்கலாம். தொழில் தெரிந்தவன் காதுக்கு அது நேர்மையான பதில். சட்டகம் எங்கே முடிய வேண்டும், எது அதற்கு வெளியே நிற்க வேண்டும் என்பதைத்தான் நாங்கள் தினமும் தீர்மானிக்கிறோம். வேறு எந்தக் கேள்விக்கும் இத்தனை நேரம் செலவழிப்பதில்லை.

பதிப்பாளர்கள் சேர்ந்து உருவாக்கிய தணிக்கை விதி, 'ஹாரர்', 'டெரர்' என்ற சொற்களை இதழ்ப் பெயரில் வைக்கவே தடை போட்டது. ரத்தக்காட்டேரிக்கும் நடைபிணத்துக்கும் ஓநாய்மனிதனுக்கும் இடமில்லாமல் போனது. 1955 தொடக்கத்தில் 46-ஆம் இதழோடு கிரிப்ட் நின்றது. இங்கெல்ஸ் காமிக்ஸை விட்டே போய், பிற்காலத்தில் ஃப்ளோரிடாவில் ஓவியம் கற்றுக்கொடுத்து வாழ்ந்தார். கெய்ன்ஸ் 'மேட்' பத்திரிகையால் தப்பித்தார்.

நின்றுபோன இதழின் வழிவந்தவர்கள் நிறையப் பேர். 1964-இல் வந்த 'க்ரீப்பி' பெரிய அளவில் கறுப்பு வெள்ளையில் வந்ததால் தணிக்கை விதிக்குள் அடங்கவில்லை. டேவிஸ், கிராண்டல், ஓர்லாண்டோ என்று பழைய கைகளே அதில் திரும்பி வந்தன. கிரெய்க் வேறு பெயரில் வரைந்தார். பின்னால் வந்த ஓவியர் பெர்னி ரைட்சனின் சதுப்பு நிலங்களில் இங்கெல்ஸின் பாசியை நான் இன்றும் பார்க்கிறேன். 1982-இல் ஸ்டீபன் கிங்கும் ஜார்ஜ் ரோமெரோவும் சேர்ந்து 'க்ரீப்ஷோ' எடுத்தபோது, திகில் உச்சத்தில் திரையைச் சட்டென்று சிவப்பிலும் நீலத்திலும் மூழ்கடித்தார்கள். செவரின் காகிதத்தில் செய்த வேலை அது. அந்தப் படத்தின் காமிக்ஸ் வடிவத்தை வரைந்தவர் ரைட்சன். அட்டையை வரைந்தவர் பழைய இ.சி. ஓவியர் ஜாக் கேமன்.

கெய்ன்ஸ் ஒரு பெரிய காரியம் செய்து வைத்தார். மூல ஓவியங்களைத் தூக்கிப்போடுவதுதான் அன்றைய வழக்கம். அவர் ஏறத்தாழ எல்லாவற்றையும் பத்திரப்படுத்தினார். அதனால்தான் பதிப்பாளர் ரஸ் காக்ரன் பிற்பாடு அவற்றிலிருந்தே பெரிய அளவில் கறுப்பு வெள்ளைத் தொகுதிகளை அச்சிட முடிந்தது. புதிதாகப் பார்க்கிறவர்கள் அந்தப் பதிப்பில் பார்ப்பது நல்லது; வண்ணத்துக்கு அடியில் மறைந்த பிரஷ் அசைவு அதில் அப்படியே தெரியும். என்னிடம் மை போடக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு நான் கொடுக்கிற வேலையும் இதிலிருந்துதான்: 'பொயடிக் ஜஸ்டிஸ்' கதையின் ஒரு பக்கத்தை எடுத்து, எழுத்துப் பெட்டிகளை மட்டும் அதே அளவில் காகிதத்தில் வரைந்துகொள்ள வேண்டும். அதில் இருக்கிற படத்தைப் பார்க்காமல், மிச்சமுள்ள இடத்தில் அதே கதையை அவர்களே வரைய வேண்டும். முடித்த பிறகுதான் இங்கெல்ஸின் பக்கத்தைத் திறந்து பக்கத்தில் வைப்பேன்.