நிற்கத் தெரிந்த வண்டி

பழைய வண்டி ஒன்றை வைத்துப் பராமரிப்பவனைப் பார்த்து இந்த உலகம் இரண்டு கேள்விகளைக் கேட்கும். "இதற்கெல்லாம் இன்னும் சாமான் கிடைக்கிறதா?" என்பது ஒன்று. "எவ்வளவு வேகம் போகும்?" என்பது மற்றொன்று. எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் 1993ஆம் ஆண்டு ஜீப்பைக் காட்டி இக்கேள்விகளைக் கேட்டவர்களுக்கெல்லாம் நான் சலிக்காமல் விடை சொல்லியிருக்கிறேன். "இது எப்படி நிற்கும்?" என்ற மூன்றாவது கேள்வியை மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. மேகமலையின் ஓர் இறக்கம்தான் அதை என்னிடம் கேட்டது. அப்போது வண்டியினுள் என்னைப் பெற்றவரும் நான் பெற்றவர்களும் அமர்ந்திருந்தார்கள்.

எங்கள் ஊர் தேனி மாவட்டத்து உத்தமபாளையம். எங்கள் அத்தா எழுபதுகளிலும் எண்பதுகளிலும் மேகமலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஜீப் ஓட்டுநராகப் பணிபுரிந்தார்கள். சின்னமனூரிலிருந்து அரிசி மூட்டையும் மண்ணெண்ணெயும் மேலே ஏறும். காய்ச்சல்காரர்களும் பேறுகாலப் பெண்களும் கீழே இறங்குவார்கள். வாரத்துக்கொரு முறை வீடு திரும்பும் அத்தாவின் சட்டையில் பெட்ரோல் வாசமும் தேயிலை வாசமும் கலந்து வீசும். அந்த வாசத்தைக் கொண்டுதான் எங்கள் அம்மா அந்த மலையை அறிந்திருந்தார்கள். ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை.

அத்தா 2014இல் மறைந்தார்கள். இத்தா முடிந்து சில மாதங்களுக்குப் பிறகு ஒருநாள் அம்மா என்னிடம், "தம்பி, உங்க அத்தா அத்தனை வருஷம் ஏறி எறங்குன மலையை நான் ஒரு தடவையாச்சும் பாக்கணும்" என்றார்கள். வாடகைக் காரில் ஹைவேவிஸ் வரை போய்வரலாம். ஆனால் அத்தாவின் தோட்டம் அதற்கும் அப்பால், மணலாற்றைத் தாண்டிக் கல்லும் குழியுமான பாதையில் இருந்தது. அந்தப் பாதைக்கு ஜீப்தான் ஏற்றது. ஆகவே 2016இல், கம்பத்தில் ஏலக்காய் வியாபாரி ஒருவரிடமிருந்து பழைய எம்.எம். 540 ஒன்றை வாங்கினேன்.

இந்த வண்டியின் பூர்வீகம் நம் வாசகர்களுக்குச் சுவையாக இருக்கும். இதைச் செய்த நிறுவனம் 1945இல் 'மஹிந்திரா அண்டு முகம்மது' என்ற பெயரில் எஃகு வாணிகத்துக்காகத் தொடங்கப் பெற்றது. பங்காளியாக இருந்த குலாம் முகம்மது, நாடு பிரிந்தபோது பாகிஸ்தான் சென்று, அந்நாட்டின் முதல் நிதியமைச்சரானார். 1951இல் தலைமை ஆளுநருமானார். 1948இல் நிறுவனத்தின் பெயர் 'மஹிந்திரா அண்டு மஹிந்திரா' என மாறிற்று. அமெரிக்க வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டி விற்கத் தொடங்கிய அந்நிறுவனம், அதே உடல்வாகில் பல பத்தாண்டுகள் வண்டிகள் செய்தது. என் வண்டியும் அந்த வமிசம்தான். எஞ்சின் மட்டும் பிரெஞ்சு நாட்டுப் பெஜோ வடிவமைப்பிலான டீசல் எஞ்சின். 2,112 கன சென்டிமீட்டர் கொள்ளளவு. நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். பின்னால் எதிரெதிரே பார்த்தபடி இரண்டு நீள இருக்கைகள்.

வண்டி வந்த ஆறு மாதங்களில் நான் செய்த காரியங்களை இப்போது எண்ணினால் வெட்கமாக இருக்கிறது. முதலில் பெயிண்டு. அடுத்து, மூலத்தில் இருந்ததைவிட உயரமும் அகலமுமான டயர்கள். பிறகு முன்னால் இரண்டு பெரிய விளக்குகள், மேலே சாமான் தட்டு. அறுபதாயிரம் ரூபாய்க்கு மேல் செலவாயிற்று. வண்டி கம்பீரமாக நின்றது; பிள்ளைகள் சுற்றிச் சுற்றி வந்தார்கள். கம்பத்தில் பட்டறை வைத்திருந்த பெரியவர் மட்டும் பானெட்டைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, "பிரேக் ஆயில் கறுத்துக் கெடக்கு பாய். மலைக்குப் போறதுக்கு முன்னாடி மாத்திப்புடுங்க" என்றார். "அடுத்த மாசம் பாக்கலாம் அண்ணே" என்றேன். அந்த அடுத்த மாதம் வரவே இல்லை.

2017 டிசம்பரில் புறப்பட்டோம். முன்னிருக்கையில் என் மனைவி. பின்னால் அம்மாவும், பன்னிரண்டு வயது மகளும், ஒன்பது வயது மகனும். அம்மா பிஸ்மி சொல்லி ஏறி அமர்ந்தார்கள். சின்னமனூரைக் கடந்து, தென்பழனிச் சோதனைச் சாவடியில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு, 18 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறினோம். ஹைவேவிஸ் அணையின் நீர்ப்பரப்பும், மணலாறும், தேயிலைச் சரிவுகளும் அம்மாவின் கண்ணெதிரே வரிசையாக வந்தன. கரடுமுரடான பாதையில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டு, லோ கியரில் வண்டி ஆமைபோல் ஊர்ந்தது. அத்தா வண்டி நிறுத்தும் கொட்டகை இருந்த இடத்தை ஒரு முதிய தோட்டத் தொழிலாளி காட்டினார். கொட்டகை இல்லை, அதன் கல் அடித்தளம் மட்டும் இருந்தது. அம்மா அந்தக் கல்லின்மீது சற்று நேரம் அமர்ந்திருந்தார்கள். ஒன்றும் பேசவில்லை.

அங்கேயே நேரம் கடந்துவிட்டது. மாலை ஆறு மணிக்குள் சோதனைச் சாவடியைத் தாண்டியாக வேண்டும். அந்த அவசரத்தில், இறக்கத்தை மூன்றாம் கியரிலேயே இறங்கினேன். வேகம் கூடும்போதெல்லாம் பிரேக்கை மிதித்தேன். ஏழெட்டு வளைவுகள் கடந்தபின் ஏதோ கருகும் நாற்றம் வந்தது. அடுத்த வளைவுக்கு முன் மிதித்தபோது பிரேக் கட்டை எதிர்ப்பே இல்லாமல் தரைமட்டத்துக்கு இறங்கிற்று.

அந்த நொடியை விரித்துரைக்க விரும்பவில்லை. காலால் மீண்டும் மீண்டும் அடித்து மிதித்ததில் சற்றே பிடிப்புக் கிடைத்தது. கியரை இரண்டாவதுக்கு இறக்கினேன், எஞ்சின் அலறியது. கைப் பிரேக்கை இழுத்துப் பிடித்தவாறே வண்டியை மலைப்பக்கத்து மண் திட்டில் உரசவிட்டேன். நின்றது. மறுபக்கத்தில் பள்ளத்தாக்கு. பின்னால், கட்டாமல் வைத்திருந்த கருவிப் பெட்டியும் ஜாக்கியும் சரிந்து வந்து அம்மாவின் கணுக்காலில் மோதியிருந்தன. இரத்தம் கசிந்தது. மகன் அழுதான்; மகள் அழக்கூட மறந்து உட்கார்ந்திருந்தாள். "யாருக்கும் ஒண்ணுமில்லையே?" என்று கேட்டவர் அடிபட்ட அம்மாதான்.

முக்கால் மணி நேரம் அங்கேயே காத்திருந்தோம். சக்கரங்கள் ஆறியதும், பிரேக் கட்டை ஒன்றும் நடவாததுபோல் மேலே எழுந்து நின்றது! முதல் கியரில் ஊர்ந்தே கீழே வந்து சேர்ந்தோம். அன்றிலிருந்து அம்மா அந்த வண்டியில் ஏறவில்லை. கோபித்துக்கொள்ளவுமில்லை. "இருக்கட்டும் தம்பி, பாத்தாச்சுல்ல" என்று மட்டும் சொன்னார்கள். கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

பட்டறைப் பெரியவர் சக்கரங்களைக் கழற்றிவிட்டு நடந்ததை விளக்கினார். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. நாளாக ஆக நீர் கூடும். நீர் கூடக்கூட அது கொதிக்கும் வெப்பநிலை குறையும். இறக்கத்தில் ஓயாமல் மிதித்தால் டிரம் பழுக்கச் சூடேறி, சக்கரத்தருகே இருக்கும் ஆயில் கொதித்து ஆவியாகும். திரவம் அழுத்தத்தைக் கடத்தும், ஆவியோ அமுங்கிவிடும். காலின் விசை ஆவியை அமுக்குவதிலேயே தீர்ந்துபோகும். ஆறினால் ஆவி மீண்டும் திரவமாகும், பிரேக்கும் திரும்பிவிடும். போதாததற்கு, நான் ஆசைப்பட்டு மாட்டிய உயரமான டயர்கள், அதே பிரேக்குக்கு நிறுத்தும் பளுவை மேலும் ஏற்றியிருந்தன. அழகுக்கென்று நான் செய்த செலவே ஆபத்தைக் கூட்டியிருந்தது.

எல்லாம் சொல்லிவிட்டு அவர் இன்னொன்றும் சொன்னார். "உங்க அத்தாவை எனக்குத் தெரியும் பாய். தோட்டத்து வண்டியை எங்க முதலாளிகிட்டதான் கொண்டாருவாரு. வண்டி நல்லா ஏறுமான்னு ஒரு நாளும் கேட்டதில்லை. நல்லா எறங்குமான்னுதான் கேப்பாரு."

அந்தச் சொல்லிலிருந்துதான் என் உண்மையான பராமரிப்புத் தொடங்கிற்று. 2018ஆம் ஆண்டு முழுவதையும் அதற்கே கொடுத்தேன். பிரேக் பகுதிகளை முதலிலிருந்து கடைசி வரை புதுப்பித்தோம்: மாஸ்டர் சிலிண்டர், சக்கர சிலிண்டர்கள், பிரேக் கட்டைகள், ரப்பர்க் குழாய்கள். பழைய ரப்பர்க் குழாய் வெளியே நன்றாகத் தோன்றினாலும் உள்ளே வீங்கி அடைத்திருக்கும் என்பதை வெட்டிக் காட்டினார். இப்போது இரண்டாண்டுக்கொரு முறை, தேவை தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், பிரேக் ஆயிலை முழுமையாக மாற்றிவிடுகிறேன். இத்தனைக்கும் ஆன செலவு, நான் டயருக்கும் விளக்குக்கும் கொட்டியதில் பாதிகூட இல்லை.

பெரிய டயர்களை விற்றுவிட்டு, வண்டிக்குரிய அளவுக்கே திரும்பினேன். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருப்பதை அப்போதுதான் கவனிக்கக் கற்றேன். 2313 என்றிருந்தால், 2013ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். மேற்பூ தேயாமலிருந்தாலும் வயதான ரப்பர் இறுகி வெடிக்கும். ஆகவே பூவைப் பார்ப்பதோடு பிறந்த தேதியையும் பார்க்க வேண்டும். கூடுதல் விளக்குகளைக் கழற்றிவிட்டு, இருந்த விளக்குகளுக்கே ரிலேயும் தடித்த ஒயரும் போட்டோம். பழைய ஒயரிலும் சுவிட்சிலும் வீணான மின்சாரம் பல்பைச் சென்றடைந்தது; வெளிச்சம் தானாகவே கூடிற்று. பட்டை ஸ்பிரிங்குகளின் தேய்ந்த புஷ்களை மாற்றியதும் ஸ்டீயரிங் ஆடுவது குறைந்தது. கருவிப் பெட்டியையும் ஜாக்கியையும் தளத்தோடு சேர்த்து போல்ட்டால் முடுக்கினேன். இருக்கைகளுக்குப் பெல்ட் வந்தது.

நான் தாமதமாக உணர்ந்த இதைச் சட்டமும் சொல்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் வகுத்த மூல அமைப்பிலிருந்து வண்டியை மனம்போல மாற்றலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. பதினைந்து ஆண்டு கடந்த சொந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கொரு முறை பதிவைப் புதுப்பிக்கவும் வேண்டும். இவற்றைத் தொல்லையென்று எண்ணியவன்தான் நானும். மண் திட்டில் உரசி நின்ற பிறகு அப்படி எண்ண முடியவில்லை.

வண்டியைச் சீராக்கியது பாதி வேலை. ஓட்டுபவனைச் சீராக்குவது மீதிப் பாதி. ஏறுவதற்கு எந்தக் கியர் தேவையோ அதிலேயே இறங்க வேண்டும். வேகத்தைக் கட்டுவது எஞ்சினின் வேலை. பிரேக் துணைக்கு மட்டுமே. இறக்கத்தில் ஒருபோதும் நியூட்ரல் போடலாகாது. நான்கு சக்கர இயக்கம் மண்ணுக்கும் கல்லுக்கும் உரியது. தார்ச்சாலையின் வளைவுகளில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு தூரம் உருள்வதால் பல்சக்கரங்கள் முறுக்கேறிக் கெடும். காலையில் சாவியைத் தொடுமுன் வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்க வேண்டும். கறுப்புக் கறை எஞ்சின் ஆயில். கெட்டியாய் நெடி வீசுவது கியர் ஆயில். சக்கரத்தின் உட்புறம் ஈரம் தெரிந்தால் அது பிரேக், அன்று பயணம் இல்லை. அத்தா விடுமுறைக்கு வந்த காலைகளில் தோட்டத்து ஜீப்பினடியில் குனிந்து பார்த்தது என் நினைவில் இருக்கிறது. ஏதோ தேடுகிறார்கள் என்று சிறுவனாக நினைத்திருந்தேன்.

மறு ஆண்டு பெருநாள் கழிந்த மூன்றாம் நாள், அதிகாலையில் வண்டியின் கீழே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து திரும்பினால் வாசற்படியில் அம்மா நின்றிருந்தார்கள். எவ்வளவு நேரமாக நின்றார்களோ தெரியாது.

"உங்க அத்தாவும் இப்படித்தான் பாப்பாங்க" என்றார்கள். பிறகு உள்ளே திரும்பி, "புள்ளைங்களா, கெளம்புங்க. கொட்டகைக் கல்லுக்கிட்ட உக்காந்து சோறு சாப்பிட்டுட்டு வரலாம்" என்று குரல் கொடுத்தார்கள்.

அன்று நண்பகலிலேயே இறங்கத் தொடங்கினோம். இரண்டாம் கியரில், மாட்டுவண்டி போல் இறங்கினோம். பின்னால் வந்த புது வண்டிகளுக்கெல்லாம் ஒதுங்கி வழிவிட்டேன். வண்டி உரசிய மண் திட்டருகே வந்தபோது மகன் அதைச் சுட்டிக்காட்டினான். நான் பிரேக்கை மெல்லத் தொட்டேன். கட்டை உறுதியாய் நின்றது. அம்மா கண்ணை மூடித் தலை சாய்த்து உறங்கிக்கொண்டிருந்தார்கள்.

நம்மை நம்பி ஏறி அமர்பவர்களின் உயிர் நம் கையில் அமானிதம். அதை ஒப்படைத்துவிட்டு அவர்கள் உறங்குமளவுக்கு வண்டியை வைத்திருக்க முடிந்தால் போதும். எவ்வளவு வேகம் போகும் என்று இப்போது யாரேனும் கேட்டால், "கேட்ட இடத்தில் நிற்கும்" என்று சொல்கிறேன்.