வலிக்காத ஈறு

பல் தேய்க்கும்போது ரத்தம் வருவதை எங்கள் வீட்டில் யாரும் நோயாகக் கருதியதில்லை. 'பிரஷ் பட்டிருக்கும்' என்பார் அப்பா. 'உடம்புச் சூடு' என்பார் அம்மா. வலி இல்லையே, பிறகென்ன?

எனக்குச் சர்க்கரை வந்த பிறகு மாத்திரை, நடை, சாப்பாடு எல்லாம் ஒழுங்காக இருந்தும் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி இறங்கவில்லை. சர்க்கரை மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பல் மருத்துவரிடம் அனுப்பினார். அவர் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெல்லிய கம்பியை விட்டு அளந்தார். 3 மில்லிமீட்டர் வரை கவலையில்லை. எனக்குச் சில இடங்களில் 6. எக்ஸ்ரேயில் எலும்பும் தேய்ந்திருந்தது.

"கிருமி தின்றுவிட்டதா டாக்டர்?"

"பெரும்பாலும் தின்றது உங்கள் உடம்புதான்" என்றார்.

அதன் பிறகுதான் ஈறு நோயோடு தொடர்புள்ள போர்பைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற பாக்டீரியாவைப் பற்றித் தேடிப் படித்தேன். நம் ரத்தத்திலுள்ள சி5 என்ற தற்காப்புப் புரதத்தை அது தன் நொதியால் வெட்டுகிறது. அந்தத் துண்டு, வெள்ளணுக்களை ஈறுக்கு வரவழைக்கிறது. வந்தவற்றின் கொல்லும் திறனை மட்டும் கிருமி மழுங்கடித்துவிட்டு, அழற்சியை எரியவிடுகிறது. காவலுக்கு வந்தவனே வீட்டை இடிக்கும் கதைதான். சிதையும் திசுவிலிருந்து கிடைக்கும் புரதமும் ரத்தத்தின் இரும்பும் கிருமிக்கு உணவு. 2011இல் வெளியான எலி ஆய்வொன்றில், வேறு நுண்ணுயிரே இல்லாத எலிகளுக்கு இதை மட்டும் கொடுத்தபோது எலும்பு தேயவில்லை. சொற்ப எண்ணிக்கையில் இருந்துகொண்டே மற்றக் கிருமிகளையும் நம் தற்காப்பையும் திசைதிருப்புவதுதான் இதன் வேலை.

அழற்சி ஈறோடு நிற்பதில்லை. அதன் வேதிப்பொருள்கள் ரத்தத்தில் கலந்து இன்சுலினின் வேலையைக் கெடுக்கின்றன. ஏறிய சர்க்கரை ஈறை மேலும் கெடுக்கிறது.

ஈறுக்கடியில் இருந்த பற்காரையைச் சுரண்டி எடுத்தார்கள். ரத்தம் நின்றது. சில மாதங்களில் சராசரியும் கொஞ்சம் இறங்கியது. ஆய்வுகள் சொல்வதும் சிறிய இறக்கத்தைத்தான். ஈறு வைத்தியம் மாத்திரைக்கு மாற்றாகாது. தேய்ந்த எலும்பு பெரும்பாலும் திரும்ப வளராது.

சுத்தம் செய்தால் பல் ஆடும் என்ற பேச்சை நம்பாதீர்கள். பல் ஆடுவது எலும்பு கரைந்ததால். அதைக் காரை மறைத்து வைத்திருக்கும், அவ்வளவுதான். ஈறில் ரத்தம் கண்டால் வலிக்காகக் காத்திருக்க வேண்டாம். சர்க்கரை உள்ளவர்கள் கண்ணையும் காலையும் பரிசோதிக்கும் பட்டியலில் ஈறையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.