ஒரு மீட்டர் படகும் ஓயாத வழக்கும்

குளத்தில் ரிமோட்டால் விடும் சின்னப் பாய்மரப் படகுக்கு எதற்கு இத்தனை சண்டை என்று தோன்றும். 'இன்டர்நேஷனல் ஒன் மீட்டர்' படகை வீட்டிலேயே செய்தவரைக் கேட்டால் தெரியும். 1988-ல் வந்த வகை இது. நீளம் 1 மீட்டர். எடை 4 கிலோவுக்குக் குறையக் கூடாது. உடல் மரமாகவோ கண்ணாடி இழையாகவோ இருக்கலாம். கார்பன் இழை கூடாது. சமையலறை மேஜையில் மரப்பட்டை ஒட்டிச் செய்த படகும் பணக்காரப் படகோடு போட்டியிடட்டும் என்று போட்ட வேலி.

"கார்பன்தான் மலிந்துவிட்டதே, விடலாமே" என்பார் ஒருவர். "அப்போ என் படகைப் பரணில் போடவா?" என்பார் இன்னொருவர். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. பழைய படகுக்காரர் பக்கம் கொஞ்சம் கூடுதலாகவே. ஆனால் முடிவு யார் கையில்? சர்வதேச அமைப்பின் கையிலா, படகு வைத்திருப்பவர்களின் ஓட்டிலா? ஓட்டென்றால், படகு அதிகமுள்ள நாடு சொல்வதே சட்டமாகிவிடாதா? குரல் உயர்வது இங்கேதான். மறுநாள் அதே ஆட்கள் ரிமோட்டும் கையுமாக, ஒரே கரையில் காற்றுக்குக் காத்து நிற்கிறார்கள்.