பாலி ஸ்டைரீன் பாடி முடித்த பிறகு

தோழர்களே, கறுப்பின மக்களின் போராட்டத்திலிருந்து நாம் எடுத்துக்கொண்டது கொஞ்சமல்ல. 1972இல் பம்பாயில் தலித் இளைஞர்கள் தங்கள் அமைப்புக்குப் பெயர் தேடியபோது அமெரிக்காவின் பிளாக் பாந்தர்களிடமிருந்துதான் அதை எடுத்தார்கள். அவர்களின் தலைவர்களைப் படிக்கிறோம், பேச்சுகளை மொழிபெயர்க்கிறோம். ஆனால் பாடியவர்களைப் பற்றி, அதிலும் பாடி முடித்த பிறகு அவர்களுக்கு என்ன ஆனது என்பதைப் பற்றி, நாம் அதிகம் பேசுவதில்லை. இன்று அப்படி ஒருவரைப் பற்றிப் பேசுவோம். பெயர் பாலி ஸ்டைரீன். எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் என்ற லண்டன் ராக் இசைக்குழுவின் முதன்மைப் பாடகி.

இயற்பெயர் மரியான் ஜோன் எலியட்-சயீத். 1957 ஜூலை 3 அன்று இங்கிலாந்தின் பிராம்லியில் பிறந்தார். தந்தை சோமாலியர். தாய் ஸ்காட்டிஷ்-ஐரிஷ் வழிவந்த வெள்ளையர், வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் செயலாளர். கறுப்பின மக்கள் நிறைய வாழும் பிரிக்ஸ்டனில் தாயின் வளர்ப்பில் வளர்ந்தார். தோல் நிறத்தை வைத்து மனிதரை எடைபோட்ட நாட்டில், 'நீ எந்தப் பக்கம்?' என்ற கேள்வி இரண்டு பக்கமிருந்தும் வந்துகொண்டே இருக்கும். பதினைந்து வயதில் கையில் மூன்று பவுண்டுடன் வீட்டைவிட்டுக் கிளம்பி, வழியில் போகும் வண்டிகளை நிறுத்தி ஏறி, இசைவிழா இசைவிழாவாகச் சுற்றினார்.

1976இல் தன் பத்தொன்பதாவது பிறந்தநாளன்று ஹேஸ்டிங்ஸ் கடற்பாலத்தில் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் கச்சேரியைப் பார்த்தார். பெரிய சங்கீதப் பயிற்சி இல்லாதவர்களும் மேடையேறலாம் என்று சொன்ன பங்க் ராக் அப்போதுதான் முளைத்திருந்தது. இசைப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து ஆள் சேர்த்தார். பள்ளி வயதைத் தாண்டாத லோரா லாஜிக் சாக்ஸபோன் வாசிக்க வந்தார். குழு தயாரானது.

மேடைப் பெயரை அவர் கண்டெடுத்தது மஞ்சள் பக்கத் தொலைபேசிப் புத்தகத்தில். பாலிஸ்டைரீன் என்றால் வேறொன்றுமில்லை, நம்மூரில் தெர்மாகோல் செய்யப்படுகிறதே, அந்தப் பிளாஸ்டிக்தான். எடையில்லாதது, பயன்படுத்திவிட்டுத் தூக்கி எறிவது. இசை வணிகம் பாடகிகளை அப்படித்தான் நடத்துகிறது என்பதை அவர் தன் பெயரிலேயே கேலி செய்தார். நொறுக்கப்பட்டவர் என்ற பொருள்தரும் சொல்லையே தலித் என்று நிமிர்ந்து சொல்லும் நமக்கு இந்தப் பெயர்சூட்டல் புரியாததல்ல. பிறர் நம்மீது எறிந்ததை நாமே கையில் எடுத்துக்கொள்ளும்போது எறிந்தவர் கை காலியாகிவிடுகிறது.

1977 செப்டம்பரில் அவர்களின் முதல் இசைத்தட்டு வந்தது. 'ஓ பாண்டேஜ், அப் யுவர்ஸ்!' என்று பெயர். அடிமைத்தளையைப் பார்த்து 'போடா' என்று சொல்லும் தலைப்பு. பல்லில் கிளிப் போட்ட, தானே சேர்த்துக்கொண்ட பளீர் நிறத் துணிகளை உடுத்திய ஓர் இளம்பெண் அதைத் தொண்டை கிழியப் பாடினார். அழகி வேடம் கட்டத் தயாராக இல்லை. தன்னைக் கவர்ச்சிப் பொருளாக்கினால் மொட்டையடித்துக்கொள்வேன் என்று சொன்னவர், 1978இல் உண்மையிலேயே மொட்டையடித்துக்கொண்டார். அந்த ஆண்டு வந்த 'ஜெர்ம்ஃப்ரீ அடோலசன்ட்ஸ்' தொகுப்பின் தலைப்புப் பாடல், கிருமியே அண்டாத சுத்தத்தின்மேல் பித்துப்பிடித்த இளசுகளைப் பற்றியது. தூய்மை என்ற சொல்லுக்குப் பின்னால் என்னவெல்லாம் ஒளிந்திருக்கும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அன்றைய இங்கிலாந்து எப்படி இருந்தது? நேஷனல் ஃப்ரண்ட் என்ற நிறவெறிக் கட்சி தெருவில் ஊர்வலம் போனது. 1976இல் புகழ்பெற்ற கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் மேடையிலேயே குடியேறிகளுக்கு எதிராகப் பேசி, ஈனாக் பவலின் அரசியலை ஆதரித்தார். கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையால் பிழைத்தவர் அவர். அதற்கு எதிர்வினையாகப் பிறந்ததுதான் 'ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்' இயக்கம். 1978 ஏப்ரல் 30 அன்று டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து கிழக்கு லண்டனின் விக்டோரியா பூங்காவுக்குப் பல்லாயிரம் பேர் ஊர்வலமாக நடந்தார்கள். அங்கே தி கிளாஷ், ஸ்டீல் பல்ஸ் குழுக்களோடு எக்ஸ்-ரே ஸ்பெக்ஸும் பாடியது. பாலிக்கு அப்போது இருபது வயது.

இயக்க வரலாறுகள் பெரும்பாலும் இந்தக் காட்சியோடு நின்றுவிடும். பூங்கா, கூட்டம், கைதட்டல். நாம் சொல்ல வந்தது இதற்குப் பிறகு உள்ளது.

அதே 1978இல் டான்காஸ்டரில் ஒரு நிகழ்ச்சி முடிந்தபின் வானத்தில் இளஞ்சிவப்பு ஒளி ஒன்றைக் கண்டார். தொட்ட பொருளெல்லாம் சடசடப்பதாக உணர்ந்தார். தாய் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். மனச்சிதைவு நோய் என்று முடிவுகட்டி, கட்டாயமாக உள்நோயாளியாக வைத்தார்கள். இனி வேலை செய்யவே முடியாது என்றும் சொன்னார்கள். நோய்க்கணிப்பு தவறு. அவருக்கு இருந்தது இருமுனைக் கோளாறு என்று 1991இல்தான் கண்டறியப்பட்டது. இடையில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேல் தவறான பெயரோடு வாழ்ந்தார். தன் பெயரைத் தானே வைத்துக்கொண்ட பெண்ணுக்கு இப்படி ஆனது.

1979இல் குழுவைவிட்டு விலகினார். பிறகு அவருக்குக் கதவு திறந்தது ஹரே கிருஷ்ணா இயக்கம். லண்டனுக்கு வெளியே உள்ள பக்திவேதாந்த மேனரில் சிறு குழந்தையோடு போய்த் தங்கினார். நோய் விடவில்லை. மகள் பின்னர் பாட்டியிடம் வளர நேர்ந்தது.

இந்த இடத்தில் நமக்கு நெருடுகிறது. வர்ணம் பிறப்பால் அல்ல, குணத்தால் என்று அந்த இயக்கம் விளக்கம் சொல்லும். அந்த விளக்கத்தின் விலை என்ன என்று தலைமுறை தலைமுறையாகக் கொடுத்துத் தீர்த்தவர்கள் நாம். ஆனாலும் அவரைக் குறைசொல்ல நமக்கு நாக்கு எழவில்லை. மனம் உடைந்த ஒருத்திக்கு உட்கார இடமும் சோறும் அமைதியும் தருபவர் யாரோ, அவரிடம்தான் அவள் போவாள். இசை வணிகத்திடம் அந்த இடம் இல்லை. கைதட்டிய பல்லாயிரம் பேருக்கும் அவர் இருக்கும் இடம் தெரிந்திருக்காது.

நம் பக்கம் திரும்புவோம். ஆணவக்கொலைக் கண்டனக் கூட்டமா, அந்தத் தங்கச்சியைக் கூப்பிடு. நினைவேந்தலா, அந்தத் தம்பியை வரச்சொல். பறிகொடுத்த குடும்பம் முன்வரிசையில் அழுதுகொண்டிருக்க, பத்தொன்பது வயதுப் பிள்ளை நடுங்காமல் பாட வேண்டும். பாட்டு கைப்பேசிகளில் பரவும், அதன்கீழே சாதிவெறியர்களின் வசை வந்து குவியும். அதை அந்தப் பிள்ளை விடுதி அறையில் இரவு இரண்டு மணிக்குத் தனியாகப் படித்துக்கொண்டிருக்கும். அடுத்த வாரம் இன்னொரு ஊர், இன்னொரு மேடை. 'போராளிக்கு மனச்சோர்வா?' என்று சிரிப்பவர்களும் நம்மிடையே உண்டு.

செய்ய வேண்டியது பெரிய வித்தையில்லை. பாட அழைப்பவர் திரும்பிப் போகும் பயணத்துக்கும் பொறுப்பு. கனமான கூட்டம் முடிந்த இரவில் பாடியவரைத் தனியே விடக்கூடாது. தூக்கம் கெட்டால், பேச்சு மாறினால், மருத்துவரிடம் கூடப்போக ஒரு தோழர் வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம். ஒரு மருத்துவர் சொன்னது பொருந்தவில்லை என்று தோன்றினால் மருந்தை நிறுத்தாமல் இன்னொருவரிடமும் காட்டலாம். இன்றைக்குப் பாட முடியவில்லை என்று ஒருவர் சொன்னால் அதை மறுபேச்சின்றி ஏற்க வேண்டும்.

பாலி திரும்பி வந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். 2008இல் அதே விக்டோரியா பூங்காவில் நிறவெறிக்கு எதிரான முப்பதாம் ஆண்டு நிகழ்ச்சியில் பாடினார். 2011 மார்ச்சில் புதிய தொகுப்பு வெளியானது. அடுத்த மாதம், ஏப்ரல் 25 அன்று, புற்றுநோயால் 53 வயதில் இறந்தார். மகள் செலஸ்ட் பெல் 2021இல் தாயைப் பற்றிய ஆவணப்படத்தை இணைந்து இயக்கினார். பாடகியை மட்டுமல்ல, நோயோடு போராடிய தாயையும், அந்தத் தாயோடு கஷ்டப்பட்ட குழந்தையையும் அதில் மறைக்காமல் காட்டினார்.

உங்கள் ஊரில் பாடும் பிள்ளை ஒருவர் நிச்சயம் இருப்பார். இந்த வாரம் அவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். நிகழ்ச்சிக்காக அல்ல, சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்க.

ஜெய்பீம்.